டொப் என்ற சத்தம்

மேஸ்திரி மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு தட்டோடாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

டக். டக். டக். அப்புறம் ஒரு மூலையில், 'டொப்'.

"இங்கதான் சார் தண்ணி இறங்குது."

மொத்த மாடியிலும் அந்த ஒரு மூலைதான். நாங்கள் போட்டிருந்த கணக்கோ சமையலறை, குளியலறை, தரை என்று எல்லாவற்றையும் புதுப்பிக்க 6 லட்சம். அதற்காக, வயதான காலத்துக்கென்று சேமிக்கும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கட்டுவதை நிறுத்திவிடலாம், நகையையும் அடகு வைக்கலாம் என்று நேற்று ராத்திரிதான் பேசியிருந்தோம்.

வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் இருக்கிறது. எனக்கு வயது 44, பென்ஷன் இல்லாத வேலை. பிபிஎஃபில் மாதம் 5,000 வீதம் 15 வருடம் கட்டினால் 9 லட்சம். 7.1 சதவீத வட்டி மாறாமல் இருந்தால் கையில் வருவது சுமார் 16 லட்சம்.

அப்பா கடைசிக் காலத்தில் மாத்திரைக்குக் காசு கேட்க என் அறை வாசலில் தயங்கி நிற்பார். அந்த நிற்பை என் மகள் பார்க்கக் கூடாது.

பிபிஎஃபை நிறுத்த வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, ஒழுகறதை மட்டும் பாத்துடலாம். அடுப்படி தீபாவளி போனஸுக்கு அப்புறம்."

மேஸ்திரி நாளைக் காலை வருகிறார்.