மோட்டருக்கும் ஒரு நம்பர் வேணும்: எங்க மில்லு ரிப்பேர் டேட்டாபேஸ் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கறேன். நூல் நூக்கற ரிங் பிரேம் மிஷின் 24, அதுக்கு மேல கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஆட்டோகோனர்னு மத்த மிஷினுங்க. எது நின்னாலும் ஒரு நீட்டு நோட்டுல எழுதி வைக்கறது தான் இதுவரைக்கும் வழக்கம். இன்னிக்கு ஆறு மாசத்து நோட்டை மொத்தமா உக்காந்து படிச்சேன். "9ம் நம்பர் நியூமாபில் மோட்டர் சத்தம், பேரிங் மாத்தியது, ஓகே". (நியூமாபில்ங்கறது ரிங் பிரேம்ல அறுந்த நூலோட பஞ்சை உறிஞ்சற ஃபேன்.) முக்காவாசி பக்கம் இப்படித்தான் இருக்கு, எத்தனை மணிக்கு நின்னுச்சு எப்ப திரும்ப ஓடுச்சு ஏன் போச்சு ஒண்ணும் கிடையாது, கடைசில ஓகே மட்டும் எல்லா வரியிலயும் இருக்கு.

மேனேஜர் "எக்செல்ல ஏத்திரு தம்பி போதும்"னாரு. நோட்டுல இல்லாதது எக்செல்ல ஏத்துனா மட்டும் எங்கிருந்து வரும். ஒழுங்கா டேபிள் பிரிச்சு எஸ்க்யூலைட்ங்கற டேட்டாபேஸ்ல போடலாம்னு முடிவு பண்ணிட்டேன், ஒரே பைல், சர்வர் வேண்டாம், டிபார்ட்மென்ட்ல இருக்கற பழைய கம்ப்யூட்டரே தாங்கும்.

மார்ச் 5, புதன்

முதல்ல புகாரையும் வேலையையும் ஒரே வரியில வைக்கற மாதிரி தான் போட்டேன். மத்தியானமே உடைஞ்சு போச்சு. 14ம் நம்பர்ல ஸ்பிண்டில் டேப் அறுந்துட்டே இருக்குன்னு ஒரு புகார், அதுக்கு மூணு நாள்ல மூணு தடவை வேலை பாத்திருக்காங்க. இன்னொரு பக்கம் ஒரு தடவை மிஷினை நிறுத்துனப்ப நாலு புகாரை சேத்து முடிச்சிருக்காங்க. அதனால புகார் ஒரு டேபிள், வேலை ஒரு டேபிள், எந்த வேலை எந்த புகாருக்குன்னு சொல்ல நடுவுல ஒரு சின்ன டேபிள்.

புகார்லயும் ஒண்ணு பிரிச்சாகணும். மிஷினை ஓட்டற சைடர் அக்கா வந்து சொல்றது "சத்தம் வருது". ரிப்பேர் பாக்கற பிட்டர் கழட்டி பாத்து சொல்றது "பேரிங் போச்சு". பேரிங் ஏன் போச்சுங்கறது மூணாவது விஷயம், அதை யாருமே எழுதறதில்ல. எண்ணெய், கேஸ் கம்பெனிங்களுக்குன்னு ஐஎஸ்ஓ 14224னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுலயும் எப்படி பழுதாச்சு, என்ன காரணம்னு தனித்தனியா தான் வாங்கறாங்க. நமக்கு அவ்வளவு கோட் எல்லாம் வேண்டாம், வெளிய தெரிஞ்சது, உள்ள பாத்தது, காரணம், இந்த மூணு கட்டம் போதும். காரணம் தெரியலைன்னா "தெரியல"ன்னு போட இடம் வச்சிருக்கேன். அது இல்லைன்னா கைக்கு வந்ததை அடிச்சு விட்ருவாங்க, அப்புறம் எது நிஜம்னே தெரியாது.

மார்ச் 6, வியாழன்

நேரம். எங்களுக்கு முழு நைட்டு ராத்திரி 12லருந்து காலைல 8 வரைக்கும், அதை முந்தின நாள் கணக்குல தான் எழுதுவோம். நைட்டு 11:50க்கு நின்ன மிஷின் 12:40க்கு ஓடுச்சுன்னா ரெண்டுக்கும் ஒரே தேதி விழுது, கழிச்சா மைனஸ்ல வருது. நிஜ தேதி நேரம் ஒரு கட்டம், ஷிப்ட் தேதி வேற கட்டம்னு வச்சதும் சரியாச்சு. நின்னது, சொன்னது, கை வச்சது, முடிச்சது, திரும்ப ஓடுனதுன்னு அஞ்சு நேரம் வாங்கறேன். இது அதிகம்னு சொன்னாங்க. ஆனா ரெண்டு மணி நேரம் மிஷின் நின்னதுல ஒன்றரை மணி நேரம் ஸ்டோர்ல பேரிங்குக்கு காத்து நின்னதுன்னு தெரியலைன்னா பழி பூரா பிட்டர் மேல தான விழும்.

மார்ச் 10, திங்கள்

இன்னிக்கு தான் பெரிய விஷயம் புரிஞ்சுது. பெரிய பிட்டர் அண்ணன் டீ குடிக்கறப்ப சாதாரணமா சொன்னாரு, "நியூமாபில் மோட்டர் போச்சுன்னா ஸ்பேர் எடுத்து மாட்டிருவோம், போனது ரீவைண்டிங் போயிட்டு வந்து ஸ்பேராயிரும், அடுத்து எது நிக்குதோ அங்க ஏறிக்கும்". அப்ப "9ம் நம்பர் மோட்டர்"னு ஒரு மோட்டரே கிடையாது. 9ங்கறது ஒரு இடம். அந்த இடத்துல இந்த மாசம் ஒரு மோட்டர், அடுத்த மாசம் வேற மோட்டர். நாம எழுதுன வரலாறு எல்லாம் இடத்தோட வரலாறு, மோட்டரோட வரலாறு எங்கயுமே இல்ல.

ராத்திரியே டேபிளை கலைச்சு திரும்ப போட்டேன். இடம் தனி, மோட்டர் தனி, நடுவுல "பொருத்தல்"னு ஒரு டேபிள்: எந்த மோட்டர், எந்த இடத்துல, எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைக்கும். முடிஞ்ச தேதி காலியா இருந்தா இப்ப அங்கதான் ஓடுதுன்னு அர்த்தம்.

மார்ச் 12, புதன்

பழைய கணக்கை எப்படி எடுக்கறதுன்னு ரெண்டு நாளா மண்டைய போட்டு உடைச்சேன். கேட் பாஸ் புக் கைகொடுத்துச்சு. ரீவைண்டிங்குக்கு வெளிய போற ஒவ்வொரு மோட்டருக்கும் செக்யூரிட்டி நேம்பிளேட் பாத்து சீரியல் நம்பர் எழுதி வச்சிருக்காரு. அந்த மனுஷன் ஒரு தடவை கூட விடல. நோட்டையும் கேட் பாஸையும் பக்கத்துல வச்சு தேதி பாத்து ஒவ்வொண்ணா சேத்துட்டு இருக்கேன். நிறைய மோட்டர்ல பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு நேம்பிளேட்டே மறைஞ்சு கிடக்கு, சுரண்டித்தான் படிக்கணும்.

மார்ச் 15, சனி

41ம் நம்பர் ரிங் பிரேம்ல ஒரு வேலை பதிவாகியிருக்கு! இருக்கறதே 24. இல்லாத மிஷினை ஏத்துக்காதேன்னு ஃபாரின் கீ போட்டுத்தான வச்சேன்னு பாத்தா, எஸ்க்யூலைட்ல அதை எழுதி வச்சா மட்டும் போதாது, ஃபாரின் கீ பாக்கறது வழக்கமா ஆஃப்ல தான் இருக்குமாம், ஒவ்வொரு தடவை கனெக்ட் பண்றப்பவும் ஆன் பண்ணணும். யாராவது இதே மாதிரி பண்றவங்க இருந்தா முதல் நாளே இதை பாத்துக்கங்க.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்டோர் கணக்குல ஒரே சைஸ் பேரிங் அஞ்சு பேர்ல இருக்கு. 6208, 6208 ZZ, 40 எம்எம் பேரிங், பெரிய பேரிங், மோட்டர் பேரிங். கையால அடிக்கறதை எடுத்துட்டு லிஸ்ட்லருந்து எடுக்கற மாதிரி வச்சுட்டேன். தகடு மூடி வச்சது, ரப்பர் மூடி வச்சது, மூடி இல்லாததுன்னு தனித்தனியா தான் வச்சிருக்கேன். பஞ்சு பறக்கற இடத்துல எதைப் போட்டோங்கறது முக்கியம்.

சாயங்காலம் மேனேஜர் கூட கொஞ்சம் வாக்குவாதம். யாரால பழுதாச்சுன்னு ஒரு கட்டம் வேணும்ங்கறாரு. நான் ஒத்துக்கல. வேலை பாத்தவங்க பேரு இருக்கும், தப்பு பண்ணுனவங்க பேருன்னு ஒரு கட்டம் வந்தா நாளையிலருந்து எல்லா காரணமும் "தெரியல" ஆயிரும், இல்ல "பொருள் சரியில்ல" ஆயிரும். ரொம்ப நேரம் பேசி, இப்போதைக்கு வேண்டாம்னு விட்டாரு.

மார்ச் 22, சனி

பழைய கணக்கு ஏத்தி முடிச்சாச்சு. மோட்டர் வாரியா பேரிங் மாத்துனதை எண்ணச் சொல்லி ஒரு குவெரி போட்டேன். ஒரு 7.5 எச்பி மோட்டர், அஞ்சு மாசத்துல மூணு தடவை பேரிங். 4ல ஒண்ணு, 9ல ஒண்ணு, 11ல ஒண்ணு. நோட்டுல மூணும் மூணு வேற மிஷின், அதனால யாருக்கும் எதுவும் தோணல. நிஜத்துல மூணும் இதே மோட்டர்.

அண்ணனை கூப்பிட்டு காட்டுனேன். ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கழட்டு அதை"ன்னாரு. 11லருந்து இறக்கி பிரிச்சோம். மோட்டர் முனையை மூடற எண்ட் கவர்ல பேரிங் உக்கார்ற இடம் தேஞ்சு போய் புது பேரிங் வெளி வளையத்தோட சேந்து உள்ளயே சுத்தியிருக்கு. அதுல எத்தனை பேரிங் போட்டாலும் நிக்காது. லேத்துக்கு அனுப்பி கடைஞ்சு, உள்ள ஒரு வளையம் (புஷ்) போடச் சொல்லியாச்சு.

மார்ச் 29, சனி

மோட்டர் லேத்துலருந்து வந்துச்சு, பேரிங் கை அழுத்தத்துல போகல, லேசா தட்டித்தான் உக்காந்துச்சு. 17ல ஏத்தியாச்சு. அந்த வேலையை நான் பதிவு பண்ணல, அண்ணனே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒத்தை விரல்ல தமிழ்ல அடிச்சாரு. காரணம்ங்கற கட்டத்துல: "எண்ட் கவர் தேய்மானம். முன்னாடியே பாத்திருக்கணும்".

நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மிஷின் நிக்கும். நம்பர் பஞ்ச் செட்டும் சுத்தியலும் எடுத்து வச்சுட்டோம், எல்லா மோட்டர் பாடியிலயும் நம்பர் அடிக்கறோம்.