ஒரு செயலி மட்டும் தமிழில்: லினக்ஸில் தொட வேண்டிய மாறி எது?

கணினி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், படங்களைத் திருத்தும் கிம்ப் செயலி மட்டும் தமிழில் திறக்க வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர்களுக்கு இது அன்றாடத் தேவை. அதற்கான சூழல் மாறி (செயலி திறக்கும்போது படிக்கும் ஓர் அமைப்பு) லாங்குவேஜ். டெர்மினலில் 'லாங்குவேஜ்' என்று முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் சமக்குறி, அதையொட்டி டி, ஏ என்ற இரண்டு சிறிய எழுத்துகள், பிறகு ஓர் இடைவெளி விட்டு செயலியின் பெயர். அவ்வளவுதான். இந்த மதிப்பு அந்த ஒரு செயலிக்கு மட்டுமே போய்ச் சேரும்.

இணையத்தில் பலர் எல்சி_ஆல் மாறியை மாற்றச் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மொழியோடு எண் வடிவம், தேதி, அகரவரிசை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடும். ஜெர்மன் மொழிக்கு அப்படி வைத்தால் தசமப் புள்ளி காற்புள்ளியாகி, எண்களைப் படிக்கும் ஸ்கிரிப்டுகள் தடுமாறும். அதோடு, அந்த லொகேல் (ஒரு மொழிக்கும் நாட்டுக்கும் உரிய அமைப்புத் தொகுப்பு) கணினியில் உருவாக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் செயலி 'சி' எனப்படும் அடிப்படை லொகேலுக்கு விழுந்து ஆங்கிலத்திலேயே திறக்கும். லாங்குவேஜ் மாறிக்குத் தமிழ் லொகேல் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆங்கில யூடிஎஃப்-8 லொகேலே போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. நடப்பு லொகேல் 'சி' ஆக இருந்தால், செயலிகளுக்கு மொழிபெயர்ப்பைத் தேடித் தரும் கெட்டெக்ஸ்ட் நூலகம் லாங்குவேஜ் மாறியைக் கண்டுகொள்ளாது, பிழைச்செய்தியும் தராது. சர்வர்களிலும் கன்டெய்னர்களிலும் 'எல்லாம் சரியாகத்தான் அடித்தேன், மாறவில்லை' என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 'லொகேல்' என்று மட்டும் கட்டளை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த மாறிக்குப் பட்டியலும் கொடுக்கலாம். தமிழ், முக்காற்புள்ளி, மலையாளம் என்று வைத்தால், தமிழில் பெயர்க்கப்படாத வரிகள் மட்டும் மலையாளத்தில் வரும். தேடல் ஒவ்வொரு வரிக்கும் தனியாக நடப்பதால் மொழிபெயர்ப்பில் எங்கே ஓட்டை என்பது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

மெனுவிலிருந்தே தமிழில் திறக்க, யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் உள்ள அந்தச் செயலியின் டெஸ்க்டாப் கோப்பை (மெனுவில் அதைக் காட்டும் கோப்பு), பெயரை மாற்றாமல், உங்கள் ஹோம் அடைவின் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸுக்குள் நகலெடுங்கள். செயலியைத் தொடங்கும் கட்டளை உள்ள 'எக்ஸெக்' வரியில் சமக்குறிக்குப் பிறகு 'என்வ்' என்ற கட்டளையும் மேலே சொன்ன மாறியும் முன்னால் சேர வேண்டும். வலது சொடுக்கில் வரும் 'புதிய சாளரம்' போன்றவற்றுக்குத் தனி எக்ஸெக் வரிகள் கீழே இருக்கும். அவற்றையும் திருத்த வேண்டும். 'டிபஸ்ஆக்டிவேட்டபிள்', சமக்குறி, 'ட்ரூ' என்று ஒரு வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை டெஸ்க்டாப் எக்ஸெக் வரியைப் படிக்காது.

க்னோம் டெஸ்க்டாப் சூழலின் செயலிகளில் இன்னொரு சிக்கல். கோப்பு மேலாளரான நாட்டிலஸ் ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் புதிய கட்டளை அந்தப் பழைய ப்ராசஸிடம்தான் போய்ச் சேரும், மொழி மாறாது. முதலில் நாட்டிலஸ், இடைவெளி, சிறுகோடு, க்யூ கொடுத்து மூடிவிட்டுத் திறங்கள். க்னோம் டெர்மினலும் இப்படித்தான், அதன் சாளரங்களைத் திறப்பது ஒரு தனி சர்வர் ப்ராசஸ்.

மொழிபெயர்ப்புக் கோப்பே இல்லாவிட்டால் எந்த மாறியும் உதவாது. யூஎஸ்ஆர்/ஷேர்/லொகேல் அடைவில் தமிழுக்கான உள்ளடைவில் 'எல்சி_மெசேஜஸ்' என்ற அடைவு இருக்கும். செயலியின் மொழிபெயர்ப்பு அடங்கிய .எம்ஓ கோப்பு அதில் இருக்கிறதா பாருங்கள். உபுண்டுவில் க்னோம் செயலிகளுக்கு லாங்குவேஜ்-பேக்-க்னோம் தமிழ்த் தொகுப்பை நிறுவ வேண்டும். செயலிகளை நிறுவித் தரும் ஃபிளாட்பேக் தன்போக்கில் கணினியின் மொழியை மட்டுமே இறக்கும். அதன் கன்ஃபிக் கட்டளையில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அப்டேட் கொடுத்த பிறகே தமிழ் வரும்.

ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் தனிவழி. இரண்டிலும் தமிழ் மொழித்தொகுப்பை நிறுவி, அவற்றின் அமைப்புகளுக்குள்ளேயே மொழியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. கேடிஈ என்ற டெஸ்க்டாப் சூழலின் செயலிகளில் மெனுவிலேயே மொழி மாற்றும் வசதி இருக்கிறது, மாற்றியபின் செயலியை மூடித் திறக்க வேண்டும்.

கணினி தமிழில் இருந்து, பிழைச்செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் அங்கே எல்சி_ஆல் மாறிக்கு 'சி' என்று கொடுங்கள். அந்த ஓர் இடத்தில் அதுதான் பொருத்தம்: லாங்குவேஜ் என்னவாக இருந்தாலும் கெட்டெக்ஸ்ட் அதைப் பார்க்காது.