ஆல்பிரட்டுக்குச் சேமலாப நிதி கட்டினார்களா?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்து ஹட்டனில் முடிவெட்டப் போகிறவனுக்குப் பொறுமை இருக்க வேண்டும், அல்லது வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது தகுதி இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கிழமை என்பதால் டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைத் தலைகளெல்லாம் பஸ் ஏறி டவுனுக்கு வந்திருந்தன. நான் வழக்கமாகப் போகும் சலூனில் வாங்கு நிரம்பி, வாசற்படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சலூன்காரர் பேட்மேன் ரசிகர். சாதாரண ரசிகர் அல்ல. கண்ணாடிக்கு மேலே பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் கறுப்பு முகமூடி ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். காலையில் கொளுத்தும் ஊதுபத்தி மூவருக்கும் பொது. மூலையில் ஒரு தொலைக்காட்சி. டிஷ்ஷில் வரும் அலைவரிசைகளில் எங்கே ஒரு சூப்பர்ஹீரோ தமிழ் பேசினாலும் தேடிப் பிடித்துவிடுவார்.

அன்று அவர் தேடிப் பிடித்தது எதிர்க்கட்சியான மார்வெலின் படம். பேட்மேன் டிசி கொமிக்ஸ் ஆள். 2018இல் வந்த அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி வார். நான் கதிரையில் ஏறி, கழுத்தில் துணி கட்டப்பட்டு, தாடைக்குக் கீழே சவரக்கத்தி வந்து நின்ற நேரம் பார்த்து வாங்கிலிருந்து ஓட்டோக்காரத் தம்பி ஆரம்பித்தான்.

“இந்தப் படத்துக்கு முன்னால் உங்கள் வௌவால் நிற்குமா அண்ணே?”

கத்தி நின்றது. என் கழுத்தில்தான் நின்றது.

“தம்பி, எங்கள் வில்லன் ஜோக்கரின் வேடம் போட்டு இரண்டு பேர் ஒஸ்கார் வாங்கியிருக்கிறார்கள். ஹீத் லெட்ஜர் செத்த பிறகும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வாக்கீன் ஃபீனிக்ஸ். உங்கள் வில்லன் தானோஸுக்கு என்ன கொடுத்தார்கள்? நீங்கள் சொல்லுங்கள் சேர், எது பெரிது?”

நான் ஸ்பைடர்மேன் கட்சி. ஆனால் கத்தி தொண்டையில் இருக்கும்போது எனக்குச் சொந்தக் கருத்து கிடையாது. “பேட்மேன்தான்” என்றேன். வாங்கிலிருந்து ஒரு செருமல் வந்தது. என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடப்போகிறவன் அந்தத் தம்பிதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “அயன்மேனும் குறைந்தவர் இல்லை” என்று சேர்த்துக்கொண்டேன். கத்தி இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

திரையில் தானோஸ் விரலைச் சொடுக்கினான். உலகத்தில் பாதிப் பேர் தூசியாகிப் போனார்கள். மகனுக்கு முடிவெட்டக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் அக்கா, கொழுந்து எடுப்பவர், அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதற்காக இவன் இப்படிச் செய்கிறான்?”

“ஆட்கள் குறைந்தால் மிச்சப் பேர் வசதியாக இருப்பார்களாம் அக்கா. அவனுடைய கொள்கை அது” என்றான் ஓட்டோக்காரத் தம்பி.

“நல்ல கொள்கை. எங்கள் டிவிஷனிலும் ஆள் குறைந்துதான் போனது. யாருக்கு வசதி வந்தது? இருக்கிறவர்கள் கொழுந்து எடுக்க வேண்டிய மலை கூடியது. 18 கிலோ எடுத்தவளை 20 எடுக்கச் சொன்னார்கள். இவனைக் கூட்டி வந்து நிறுவையில் நிறுத்தினால் தெரியும், உலகத்துக்கே அரைப்பேர் போட்ட பயல்.”

கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் எழுதுவதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று பெயர். தானோஸைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். சனத்தொகைக் கணக்கை எடுத்து வைத்து அவன் சொன்னது சரியா பிழையா என்று மாய்ந்து மாய்ந்து எழுதியிருப்பார்கள். இந்த அக்கா அளவுக்கு அவனை யாரும் மடக்கியதில்லை. மகன் மட்டும் வேறு யோசனையில் இருந்தான். “தானோஸுக்குத் தலையில் முடியே இல்லையே, அவன் சலூனுக்குப் போக மாட்டானா?” என்று கேட்டான். “அதனால்தான் மகனே கெட்டுப்போனான்” என்றார் சலூன்காரர்.

சவரம் ஒருவழியாக முடிந்து, மெஷினை எடுத்து என் தலையின் இடது பக்கத்தை முடித்தார். வலது பக்கத்துக்குத் தாண்டும்போது மேலே ஓர் இடி. மெஷின் நின்றது, தொலைக்காட்சி அணைந்தது, சலூன் இருண்டது. ஐப்பசி மாதத்துப் பின்னேர மழைக்கு ஹட்டனில் கரண்ட் போவது செய்தியே அல்ல. பாதித் தலையோடு இருப்பவனுக்கு மட்டும்தான் அது செய்தி.

“கத்தரிக்கோலால் முடித்துவிடுங்களேன்” என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்தார். ஆனால் என் தலைக்கு அல்ல, பேச்சுக்கு. ஒவ்வொரு வாதத்துக்கும் அது காற்றில் ஒருமுறை வெட்டியது.

படம் இல்லாததால் இனி எல்லோருக்கும் வாய்தான். ஓட்டோக்காரத் தம்பிக்குத் தன் கட்சியின்மீதே கோபம் இருந்தது. இதற்கு அடுத்த அவெஞ்சர்ஸ் படமான எண்ட்கேம் வரையில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். மூன்று மணித்தியாலமும் ஒரு நிமிடமும் ஓடும் படம், மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்து முடித்தானாம். 2021இலிருந்து தொடர்கள் வரத் தொடங்கியதும் பிடித்தது சனியன். “வாண்டா ஏன் திடீரென்று வில்லியானாள் என்று கேட்டால், அது வாண்டாவிஷன் தொடரில் வந்தது என்கிறார்கள். லோக்கி எங்கே போனான் என்றால் அதற்கொரு தொடர். ஒரு படம் புரிவதற்கு மூன்று தொடர் பார்க்க வேண்டுமென்றால் டேட்டாவுக்கு யார் காசு போடுவது?”

அவனுடைய உண்மையான மனத்தாங்கல் அதுவும் அல்ல. அயன்மேனாக நடித்து எண்ட்கேம் கதையில் செத்துப்போன ரொபர்ட் டவுனி ஜூனியர், டொக்டர் டூம் என்ற வில்லனாகத் திரும்பி வருகிறார் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்களே, அதுதான். “நான் அழுத அழுகைக்கு என்ன மரியாதை?”

“மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தில் போன வருஷம் மதனாக எரிந்தவன் இந்த வருஷம் எமன் வேடம் கட்டுகிறான். நாங்கள் யாராவது கேட்டோமா?” என்றார் அக்கா.

வாசலோரம் இருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் இதற்குத்தான் காத்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்களாம். மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதே வழக்கு. “ரசிகர் சண்டை எங்களுக்குப் புதிதா?” என்று கேட்டுவிட்டு, மாஸ்டர் தன் சொந்தக் கணக்குக்கு வந்தார்.

“2017இல் பேட்மேனும் வருகிற ஜஸ்டிஸ் லீக் வந்தது. ஊத்தைப் படம். இயக்குநர் சாக் ஸ்னைடர் எடுத்த முழுப் படத்தை வெளியிடுங்கள் என்று ரசிகர்கள் கத்தினார்கள். வெளிவந்தது, 2021 மார்ச் மாதம். நாலு மணித்தியாலம் இரண்டு நிமிடம். இங்கே பஸ் ஏறினால் அதற்குள் அவிசாவளையைத் தாண்டிவிடலாம், அது வேறு கதை. எங்கள் தோட்டத்து ஆட்கள் நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டார்களே, அதற்கு அரசாங்க வர்த்தமானி எப்போது வந்தது? அதே 2021 மார்ச் மாதம். நாங்கள் அவர்களுக்கு முந்தியே கேட்கத் தொடங்கியவர்கள். ஒரு படத்துக்குக் காத்திருந்ததைவிட நாட்கூலிக்குக் கூடுதலாகக் காத்திருந்திருக்கிறோம்.”

யாரும் மறுக்கவில்லை. மாஸ்டரிடம் கணக்கில் மோதுகிற பழக்கம் ஹட்டனில் கிடையாது.

சூப்பர்ஹீரோ விவாதம் என்றால் யார் வேகமாகப் பறப்பார், யார் யாரை அடிப்பார் என்றுதான் போகும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆட்களோ, அவனுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஸ்பைடர்மேனை அந்தச் சலூனில் யாரும் திட்டாததற்குக் காரணம் அதுதான். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் பீட்டர் பார்க்கர் பீட்சா கொண்டுபோகப் பிந்தி வேலையை இழக்கிறான், வாடகை பாக்கி, பத்திரிகைக்காரருக்குப் படம் எடுத்துக் கொடுத்தால்தான் காசு. “கைக்காசு வேலை” என்று அக்கா ஒரே சொல்லில் முடித்தார். அதே படத்தில் அவன் ஓடும் ரயிலை நெஞ்சைக் கொடுத்து நிறுத்துவானே, அந்தக் காட்சியை நான் ஆசையோடு எடுத்தேன். “எங்கள் ரயிலை நிறுத்த அவ்வளவு பாடு தேவையில்லை, கொஞ்சம் மண் சரிந்தால் போதும்” என்றான் தம்பி. என் கட்சியின் ஒரே உரையும் அதோடு முடிந்தது.

சூப்பர்மேனுக்கு ஆதரவாக ஒருவரும் எழும்பவில்லை. சலூன்காரருக்கு அவன்மீது தொழில் ரீதியான பகை. “கண்ணிலிருந்து வரும் நெருப்பைக் கண்ணாடியில் திருப்பித் தன் தாடியைத் தானே மழித்துக்கொள்கிறான், கொமிக்ஸில் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவனால் எங்களுக்கு என்ன லாபம்?”

“அப்படியானால் பேட்மேன்தான் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?” என்று கத்தரிக்கோலை உயர்த்தினார். “எந்தச் சக்தியும் இல்லாத மனிதன். எல்லாம் உழைப்பு.”

“எல்லாம் காசு” என்றான் தம்பி.

“பெரிய பங்களா. துரைதானே” என்றது வாங்கின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

அந்தத் தாத்தாவை எல்லோருக்கும் தெரியும். திம்புளைப் பக்கத்துப் பங்களா ஒன்றில் வெள்ளைக்காரத் துரைகளின் கடைசிக் காலத்தில் குசினிப் பையனாகச் சேர்ந்து, பிறகு நம்நாட்டுத் துரைகளிடம் அப்புவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பு என்றால் பங்களாவின் சமையல், பரிமாறல், சாவிக்கொத்து எல்லாம் அவர் கையில். பேரனோடு நோலனின் மூன்று பேட்மேன் படங்களையும் பார்த்திருக்கிறார். முகமூடிக்காரனை அவர் கவனிக்கவே இல்லை. பார்த்ததெல்லாம் அவன் பங்களாவின் அப்பு ஆல்பிரட்டைத்தான்.

“தட்டுப் பிடிக்கிற கை நல்ல கை. பழகிய ஆள்” என்று முதலில் சான்றிதழ் கொடுத்தார். “ஆனால் துரை தூங்கும்போது திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்து முகத்தில் வெயில் விழ வைக்கிறார். எங்கள் பங்களாவில் அப்படிச் செய்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.”

“அவர் தகப்பன் மாதிரித் தாத்தா. சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர்” என்றார் சலூன்காரர்.

“எங்கள் துரையின் மகனை நான் தூக்காத தூக்கா? இப்போது கண்டால் தலையாட்டுவார்.” தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதை விடு. எங்கள் பங்களாவுக்கு நான், குசினிப் பையன், ஆயா, தோட்டக்காரன், வாட்ச்சர். அந்தக் கோட்டைக்கு ஒரே ஓர் அப்பு! தூசி தட்டவே நாள் போதாது. அதற்கு மேல் ராத்திரியில் துரை அடிபட்டு வந்தால் தையல் போட வேண்டும், குகைக்குள் இறங்கி கம்பியூட்டர் பார்க்க வேண்டும். ஓவர்டைம் கொடுத்தாரா?”

சலூன்காரர் வாயைத் திறந்து மூடினார்.

“மூன்றாவது படத்தில் துரை முழங்கால் போய் ஊன்றுகோலோடு இருந்தவர், மறுபடியும் சண்டைக்கு இறங்குகிறார். அப்போது பார்த்து ஆல்பிரட் பெட்டியைக் கட்டுகிறார்.”

“அவர் அழுதுகொண்டுதான் போனார்!”

“அழுதுகொண்டு தேத்தண்ணியாவது ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். சரி, கடைசியில் உயில் வாசிக்கிறார்கள். வீட்டை அநாதைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிறார். நல்ல காரியம், புண்ணியம். கடன் போக மிச்சம் ஆல்பிரட்டுக்காம். அந்தக் கடன் போக எவ்வளவு மிஞ்சியது? படத்தில் சொன்னார்களா?”

சொல்லவில்லை. எனக்கும் அதுவரை அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

“துரை கொடுப்பார், துரை பார்த்துக்கொள்வார் என்று இருந்த அப்புமாரை எனக்குத் தெரியும். ஒரு பழைய கோட்டும் ஒரு சுவர்க்கடிகாரமும் கிடைக்கும். நான் கேட்பது ஒன்றுதான் தம்பி. ஆல்பிரட்டுக்கு ஓய்வுக்காலத்துக்கென்று மாதா மாதம் சேமலாப நிதி கட்டினார்களா?”

வாசற்படிவரை சிரிப்பு போனது. ஓட்டோக்காரத் தம்பி கையையே தட்டினான். “முகமூடி வாங்கக் காசு இருந்தது, கார் வாங்கக் காசு இருந்தது!” சலூன்காரர் பேட்மேன் படத்தை ஒருமுறை பார்த்தார். படம் பதில் சொல்லவில்லை. பிறகு, ஆல்பிரட் ஒரு பாத்திரம்தான், கதையில் எல்லாவற்றையும் காட்ட முடியாது, அமெரிக்காவில் வேறு சட்டமாக இருக்கும் என்று ஏதேதோ சொன்னார். அமெரிக்கச் சட்டத்தைக் கொண்டு வந்து பேட்மேனைக் காப்பாற்றும் நிலைக்கு ஒரு ரசிகன் இறங்கிவிட்டால் அந்த வழக்கு தோற்றது என்றுதான் பொருள்.

கரண்ட் வந்தது. படம் முடிந்து, திரையில் யாரோ நகைக்கடைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். என் வலது பக்கத்தை அவர் மௌனமாக முடித்தார். இடது பக்கத்தைவிடக் கொஞ்சம் கட்டையாக வந்தது. முறையிடும் தைரியம் எனக்கு வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டு எழும்பியபோது தம்பி, “போகலாமா சேர்?” என்றான். “பொறு” என்றேன். அடுத்ததாகக் கதிரையில் ஏறியவர் தாத்தா.

துணி கட்டியாயிற்று. நுரை பூசியாயிற்று. சலூன்காரர் புது பிளேட்டைப் போட்டுக் கத்தியை எடுத்து, தாத்தாவின் தாடையை நிமிர்த்தி, தொண்டைக்கு நேரே வைத்துக்கொண்டு கேட்டார்.

“இப்போது சொல்லுங்கள் தாத்தா. பேட்மேன் எப்படி?”

வாங்கு முழுவதும் முன்னால் குனிந்தது. தாத்தா கண்ணாடி வழியாக முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகு மேலே முகமூடியைப் பார்த்தார்.

“நல்ல பிள்ளை. நல்ல துரை இல்லை. மீசையில் கை வைத்துவிடாதே.”