கடைசிப் பக்கத்துக்கு அப்பால்

பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை.

பைண்டிங்கில் நான்கைந்து தாள் உதிர்ந்துவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வின் தன்வரலாறு, ‘என் சரித்திரம்’, அப்படித்தான் பாதியில் நிற்கிறது. ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய தொடர், 122 அத்தியாயங்கள். 1942இல் அவர் மறைந்தார், புத்தகமும் நின்றுவிட்டது.

தெரிந்த சங்கதிதான். ஆனாலும் கை பின்னட்டையில் மோதியபோது சுருக்கென்றது.

எனக்கு இதில் ஒரு காட்சி போதும். 1880, கும்பகோணம். முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். 25 வயதுத் தமிழாசிரியரான உ.வே.சா. அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று சிற்றிலக்கியங்களாக அடுக்குகிறார். கேட்டவர் அசையவில்லை. இதனால் என்ன பிரயோசனம் என்கிறார். சிந்தாமணி படித்ததுண்டா?

இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணி என்ற பழங்காப்பியம் அவர் பதிப்பாக அச்சில் வந்தது. அது ஊரறிந்த கதை. என்னை நிறுத்தியது வேறு. எல்லோரும் கொண்டாடிய பிறகு, எண்பதைத் தாண்டிய வயதில், அந்தச் சிறுமையை மழுப்பாமல் எழுதிவைத்திருக்கிறாரே, அது.

போன வாரம் ஒரு நாவல் முடித்தேன். (பெயர் வேண்டாம், நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.) நாயகன் பட்ட அவமானங்களுக்கெல்லாம் கடைசி அத்தியாயத்தில் வட்டியோடு கணக்குத் தீர்ந்தது. மூடி வைத்ததும் மறந்துபோயிற்று.

இது மூட மறுக்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் 1880க்குப் போகிறேன்.