வெள்ளெழுத்து கண்ணோட ஏர் பிஸ்டல்: ஃப்ரண்ட் சைட்டுக்குன்னு ஒரு லென்ஸ்

அம்பது தாண்டி ஏர் பிஸ்டல் சுடுறவங்க நிறைய பேர் எழும்பூர் ரேஞ்சுல இதையேதான் சொல்றாங்க, டார்கெட் பளிச்சுனு தெரியுது சார், குழல் முனையில குறிபாக்க நிக்குற ஃப்ரண்ட் சைட்தான் கரையுதுன்னு. எனக்கும் அதேதான். 10 மீட்டர் தள்ளி கருப்பு வட்டம் அப்படியே நிக்கும், கை நுனியில இருக்குற 4 மில்லிமீட்டர் அகல இரும்புத் துண்டு மட்டும் ஓரமெல்லாம் சாம்பலாகி ரெண்டா தெரியும்.

இதுல எது மங்கலானாலும் பரவாயில்ல, எது மங்கலாகவே கூடாதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். கை மொத்தமா 1 மில்லிமீட்டர் நகர்ந்தா குண்டும் 1 மில்லிமீட்டர்தான் நகரும், அது ஒண்ணுமேயில்ல. ஆனா நம்ம கண்ணுப்பக்கம் இருக்குற ரியர் சைட்டோட பள்ளத்துக்குள்ள ஃப்ரண்ட் சைட் 1 மில்லிமீட்டர் ஒதுங்குச்சுன்னா, ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 35 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க, 10 மீட்டர்ல அது 28 மில்லிமீட்டருக்கு மேல போயிடும். டார்கெட்ல ஒரு ரிங்கோட அகலம் 8 மில்லிமீட்டர், அப்போ மூணு ரிங்குக்கு மேல காலி. நட்டநடுவுல இருக்குற பத்து பாயின்ட் வட்டமே குறுக்க 11.5 மில்லிமீட்டர்தான். அதனால டார்கெட் மங்கினா மங்கட்டும், ஃப்ரண்ட் சைட் கத்தி மாதிரி தெரியணும்.

தூரம், கிட்ட எல்லாத்துக்கும் ஒரே லென்ஸுல பவர் வர்ற, வீட்ல போடுற ப்ராக்ரஸிவ் கண்ணாடி இதுக்கு ஆகாது, ஃப்ரண்ட் சைட் தூரத்துக்கான பவர் லென்ஸோட நடுவுல ஒரு சின்ன சந்துல இருக்கு, அதைத் தேடி தாடையைத் தூக்கினா கழுத்து மாறும், கழுத்து மாறினா எல்லாமே மாறும். படிக்கிற கண்ணாடி முழங்கை தூரத்துக்குத்தான். அதனால சுடுறதுக்குன்னே தனியா ஒண்ணு பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன்.

கண்ணாடிக்கடைக்கு பிஸ்டலை எடுத்துட்டுப் போக முடியாதுல்ல, அதனால வீட்ல பொசிஷன்ல நின்னு கண்ணுல இருந்து ஃப்ரண்ட் சைட் வரைக்கும் பையனை டேப் வெச்சு அளக்கச் சொன்னேன், 88 சென்டிமீட்டர். ஒரு ஸ்கேல் நுனியில 4 மில்லிமீட்டருக்கு கருப்பு அட்டையை வெட்டி ஒட்டி எடுத்துட்டுப் போனேன். செக் பண்ற பொண்ணு ட்ரையல் ஃப்ரேம்ல லென்ஸை மாத்தி மாத்திப் போட்டுட்டே, “அங்கிள், இதுல தூரம் கொஞ்சம் மங்கலா இருக்குமே, பரவாயில்லையா?”ன்னு கேட்டாங்க. “அதுதாம்மா வேணும்”னேன். அப்புறம் ஸ்கேலை நீட்டிக்காட்டி விஷயத்தைச் சொன்னதும் அவங்களே ஆர்வமாயிட்டாங்க, பொறுமையா கால் கால் பவரா ஏத்திக் காட்டினாங்க.

கணக்கு இதான். தூரப்பார்வை பவரோட ப்ளஸ் 0.50 கூட்டினா கண்ணு சும்மா இருக்கும்போதே ஃபோகஸ் 2 மீட்டர்ல நிக்கும், 0.75 கூட்டினா 1.3 மீட்டர்கிட்ட, 1.00 கூட்டினா சரியா 1 மீட்டர். மீதியை கண்ணு தானே இழுத்துக்கணும், இந்த வயசுல அந்த இழுவை கொஞ்சம்தான் மிச்சமிருக்கு. 1.00ல போஸ்ட், அதாவது ஃப்ரண்ட் சைட், அருமையா இருந்துச்சு, ஆனா கருப்பு வட்டம் ஓரமில்லாத புகையா போயிடுச்சு, எங்க நிறுத்துறதுன்னே தெரியல. 0.50ல ஆரம்பத்துல ரெண்டுமே நல்லாருக்கும், 60 ஷாட்ல பாதி தாண்டும்போது கண்ணு களைச்சு போஸ்ட் மறுபடி கரையும். எனக்கு 0.75 செட்டாச்சு. தூரத்துக்கு மைனஸ் 1.25, அதனால போட்ட லென்ஸ் மைனஸ் 0.50. உங்களுக்கு இதே நம்பர் வரணும்னு இல்ல, கை நீளம், வயசு எல்லாம் பொறுத்தது.

ஒண்ணு கடைக்காரங்ககிட்ட சொல்லியே ஆகணும். பக்கவாட்டுல நின்னு தலையைத் திருப்பிச் சுடும்போது நாம லென்ஸோட நடுவுல பாக்குறதில்ல, ஒரு பக்கமா ஒதுங்கிப் பாக்குறோம். ஃப்ரேமைப் போட்டு பொசிஷன்ல நின்னு, பார்வை போற இடத்துல மார்க்கர்ல புள்ளி வெக்கச் சொல்லி, லென்ஸ் சென்டரை அங்க கொண்டுவரச் சொன்னேன். க்னோப்லோக் மாதிரி ஷூட்டிங் ஃப்ரேம் இருந்தா லென்ஸையே திருப்பிக்கலாம், இந்த வேலை மிச்சம்.

இன்னொரு கண்ணை மூடிட்டு சுடாதீங்க, முகம் இறுகி சுடுற கண்ணும் சேர்ந்து களைச்சுப்போகும். கருப்புத்துணியில மறைச்சா ரெண்டு கண்ணு பாப்பாவும் விரியும், விரிஞ்சா மங்கல் இன்னும் கூடும். வெள்ளையா ஒளி ஊடுருவுற ப்ளாஸ்டிக் துண்டுதான் நல்லது, அகலம் 30 மில்லிமீட்டருக்கு மேல ரூல்ஸ்ல கிடையாது.

பிஸ்டல்லயும் ஒரு மாத்தம். ரியர் சைட் பள்ளத்தை கொஞ்சம் அகலமாக்கினேன். போஸ்டோட ரெண்டு பக்கமும் வெளிச்சம் தாராளமா தெரியுது, ரெண்டும் சமமா இருக்கான்னு பாக்க கண்ணு கஷ்டப்படல. முன்னாடி நிமிஷக்கணக்கா தேடுவேன், இப்ப கை நின்னதும் ட்ரிக்கர் போகுது. வட்டத்துக்கு அடியில விடுற வெள்ளை இடைவெளியையும் பெருசாக்கினேன், மங்கின ஓரத்தை போஸ்ட் தொடவே கூடாது.

நம்ம ஊர் புழுக்கத்துல கண்ணாடி ஆவி பிடிக்கும், நெத்தியில ஒரு காட்டன் பட்டை கட்டிக்கிட்டா பாதி சரியாகும்.

2022ல திருச்சி மாநிலப் போட்டியில அஜித் அம்பது வயசைத் தாண்டி தங்கம் வாங்கினாரே, அந்த செய்தி படிச்சதுல இருந்து எனக்கு ஒரு தெம்பு. என் குண்டுங்க விழுற கூட்டம், குரூப்னு சொல்வாங்க, இப்ப ஒன்பதாம் ரிங்குக்குள்ள சுருங்கிட்டு வருது. அடுத்து லென்ஸ்கிட்ட மாட்டுற ஐரிஸ் வாங்கி சின்ன ஓட்டை வழியா பாத்து ட்ரை பண்ணணும், ரேஞ்சுல வெளிச்சம் அதுக்குப் பத்துமான்னு பாத்துட்டு எழுதுறேன். கண்ணுல புகை மாதிரி நிரந்தரமா இருந்தா மட்டும் லென்ஸ் மாத்திட்டு இருக்காம மொதல்ல டாக்டர்கிட்ட புரை இருக்கான்னு காட்டிடுங்க.