கார்லோவின் படத்தோடு மடு மாதாவிடம்

அக்காவின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கே அக்கா நேர்த்தி வைத்துவிட்டாள்: பிள்ளை எழும்பினால், மன்னாரில் இருக்கிற மடுச் சந்தியிலிருந்து மாதா கோயில்வரை அவனோடு நடந்தே வருவேன் என்று. மாதா கைவிடவில்லை. 2025 ஆவணித் திருவிழாவுக்குக் கிளிநொச்சியிலிருந்து குடும்பமாகப் புறப்பட்டோம்.

சந்தியில் இறங்கியதுமே ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளையின் மெலிவைக் கண்டுவிட்டு வாய்க்கு வந்த காசைக் கேட்டார்கள். நேர்த்தியோடு வருகிற சனத்திடம் இப்படிப் பறிக்கலாமா? எனக்குப் பொறுக்கவில்லை. பெறாமகன்தான், “விடுங்கோ சித்தி, நான் நடப்பன்” என்றான். செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். ஒவ்வொரு தேவ இரகசியம் முடியவும் மரநிழலில் நின்று அவனை மூச்சு வாங்க விட்டோம். ஆவணி வெயிலைப் பற்றி வன்னிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவன் சட்டைப்பையில் இத்தாலியப் பிள்ளை கார்லோ அக்குதிஸின் சின்னப் படம் ஒன்று இருந்தது. வார்ட்டுக்கு வந்த அருட்சகோதரி ஒருவர் கொடுத்தது. கார்லோவும் இதே இரத்தப் புற்றுநோயால் 2006 ஒக்டோபர் 12 அன்று, 15 வயதில் இறந்தவர் என்று அறிந்ததும் அக்கா கொதித்துப் போனாள். “செத்த பிள்ளையின்ர படத்தை என்ர பிள்ளைக்கு ஏன் குடுக்கினம்?” என்று தலையணைக்கடியில் இருந்ததை எடுத்து ஒளித்தும் வைத்தாள். ஆனால் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்குப் பிடித்தது சாவில்லை, அந்த வாழ்க்கை. கார்லோ ஜீன்ஸ் போட்ட பிள்ளை. கணினியில் கெட்டிக்காரர். வீடியோ கேம் விளையாட ஆசை இருந்தும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு வைத்தவர். 7 வயதில் முதல்நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, எடுத்த பிறகு நாளாந்தப் பூசையை விடவில்லை. உலகமெங்கும் நடந்த நற்கருணைப் புதுமைகளை, அதாவது பூசை அப்பத்தோடு சேர்ந்த அற்புதங்களை, தேடித் திரட்டி இணையத்தளத்தில் போட்டவர். கடைசியில் தன் நோவைத் திருத்தந்தைக்காகவும் திருச்சபைக்காகவும் ஒப்புக்கொடுத்தார். கீமோ ஏறுகிற நாட்களில் பெறாமகன் இதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தான். போனும் கையுமாக இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இவரைவிடக் கிட்டிய புனிதர் யார்?

வளவுக்குள் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் கூடாரம், விறகடுப்புப் புகை, தண்ணீருக்குத் தமிழும் சிங்களமுமாக நீண்ட வரிசை. கடைக்காரர்களின் ஒலிபெருக்கி செபத்தையே அமுக்கியது. திருவிழா நாளிலாவது அதைக் குறைக்கக் கூடாதா?

மாதாவின் சொரூபத்துக்குக் கிட்டப் போக வெகு நேரம் எடுத்தது. 2008 சித்திரையில் சண்டை நெருங்க, இந்தச் சொரூபத்தைத்தான் தேவன்பிட்டிக் கிராமத்துக்குக் கொண்டு போனார்கள். எங்களைப் போல மாதாவும் இடம்பெயர்ந்தவ. அதனால்தானோ என்னவோ, அவவின் முன்னால் வன்னித் தாய்மாருக்கு வார்த்தை தேவைப்படுவதில்லை. அக்கா விம்மி விம்மி அழுதாள். பின்னுக்கு நின்றவர்கள் தள்ளினார்கள். பெறாமகன் மட்டும் அசையவில்லை. முடி புதிதாக முளைத்த தலையைக் குனிந்து, விளிம்பு மடங்கிப்போன அந்தப் படத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு எதையோ முணுமுணுத்தான்.

“என்னடா கேட்டனி?”

“எனக்குத்தான் மாதா சுகம் தந்திட்டாவே சித்தி. பக்கத்துக் கட்டில் தம்பிக்குக் கேட்டன். நடந்த கால் நோவையும் அவனுக்காகவே ஒப்புக்குடுத்திட்டன்.”

மாதாவே, என் தாயே! சுகத்தை மட்டும் கேட்டு வந்த எங்களுக்கு இப்படி ஒரு மனதையும் சேர்த்தல்லவா தந்தீர்! பூசை எப்படி முடிந்தது, திருச்சொரூப ஆசீரை எந்த ஆயர் தந்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணீர்தான். மடு மண்ணில் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்தோம்.

அடுத்த மாதம், செப்டெம்பர் 7 அன்று, திருத்தந்தை 14ஆம் லியோ கார்லோவைப் புனிதராக அறிவித்ததை வீட்டில் எல்லோருமாகப் போனில் பார்த்தோம். படத்தை ஒளித்து வைத்த அக்காதான் முதலில் கைதட்டினாள். இப்போது அந்தப் படம் எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பக்கத்துக் கட்டில் தம்பிக்கு இன்னும் மருந்து ஏறுகிறது. இதை வாசிக்கிற நீங்களும் அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கோ.