நிறம் யாருடையது? வனவிலங்குப் படத்தொகுப்புத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு

புகைப்பட டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் ஒரு படத்தொகுப்பை ஒப்படைக்க வேண்டும். கூடவே வேலைக் குறிப்பேடு. பிறகு தேர்வாளர்கள் முன்னால் நேர்காணல். நான் வனவிலங்கை எடுத்துக்கொண்டேன். என் தொகுப்பில் சில படங்கள் வண்ணம், சில கறுப்பு வெள்ளை. லென்ஸ், ஷட்டர் வேகம் பற்றிய கேள்விகள் சீக்கிரமே முடிந்துவிட்டன. மீதி நேரமெல்லாம் ஒரே கேள்விதான் வேறு வேறு உருவில் வந்தது: இது ஏன் கறுப்பு வெள்ளை, அது ஏன் வண்ணம்? இதே தலைப்பை எடுக்கப்போகிறவர்களுக்கு அந்தக் கேள்விக்கு எப்படித் தயாராவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. வீட்டில் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்பார்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோலசிலாங்கூர் மாவட்டம். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகள், ஒரு பக்கம் சதுப்புக் காடு, கடலோரம் போனால் புக்கிட் மெலாவாத்தி என்ற குன்று. வனவிலங்கு என்றாலே தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கோ சபா மாநிலத்துக்கோ போக வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். தேவையே இல்லை. உடும்பு, ஆந்தை, பருந்து, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் தோட்டத்திலேயே இருக்கின்றன. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க முடிகிற விலங்கைத் தேர்ந்தெடுத்தால்தான் அதன் நிறம் காலையில் எப்படி, மழைக்குப் பிறகு எப்படி, குஞ்சுப் பருவத்தில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அது தெரியாமல் கணினி முன் உட்கார்ந்தால் முடிவெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலைக் குறிப்பேட்டிலும் சேருங்கள், தேர்வாளர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். படத்தில் தெரியும் நிறம் யாருடையது? விலங்கினுடையதா, அல்லது அன்றைய வெளிச்சமும் பின்னால் இருக்கும் செடிகொடியும் கொண்டுவந்ததா? விலங்கின் வயதையோ இனத்தையோ அது என்ன செய்கிறது என்பதையோ நிறம் சொல்கிறதென்றால் வண்ணம். நிறம் முழுக்கச் சுற்றுப்புறத்தினுடையது, விலங்கு தன் உருவத்தாலும் தோலாலும் பார்வையாலும் பேசுகிறது என்றால் கறுப்பு வெள்ளையைப் பற்றி யோசிக்கலாம். “கறுப்பு வெள்ளையில் உணர்ச்சி அதிகம்” என்று நேர்காணலில் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

இதை எனக்குத் தெளிவாக்கியது புக்கிட் மெலாவாத்தியின் லோத்தோங் குரங்குகள். பெரிய குரங்குகளுக்கு வெள்ளி பூசியது போன்ற சாம்பல் உடம்பு, கரிய முகம். குட்டியோ பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு. சில மாதங்களில் அந்த நிறம் மாறித் தாயைப் போல் சாம்பலாகிவிடும். கூட்டத்தில் மற்ற பெண் குரங்குகளும் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும். ஒரு தாய் குட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் படத்தை நான் இரண்டு வகையாகவும் முடித்து, சிறிய அளவில் அச்சிட்டு, தோட்டத்தில் வேலை செய்யும் என் பெரியப்பாவிடம் காட்டினேன். கறுப்பு வெள்ளை அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, “படம் நல்லா இருக்கும்மா, குட்டி எங்க இருக்கு?” என்றார். வண்ண அச்சைக் கொடுத்தவுடன் அவர் விரல் நேராகக் குட்டி மேல் போய் நின்றது.

கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சு ஸ்லைடரை, அதாவது அந்த நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை, ஏற்றினால் குட்டி தனியாகத் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும். ஆனால் பார்ப்பவர் அதை வெள்ளைக் குட்டி என்று நினைப்பார். இறக்கினால் தாயின் மடியில் கரைந்துவிடும். அந்தப் படத்தின் செய்தியே ஆரஞ்சில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டுச் சொல்ல வழியில்லை. என் குறிப்பேட்டில் இந்த ஒரு படத்துக்கு மட்டும் வண்ணம், ஆரஞ்சை ஏற்றியது, இறக்கியது என மூன்று வடிவங்களையும் ஒட்டி, ஏன் வண்ணத்தைத் தேர்ந்தேன் என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டு புரட்டிய பக்கம் அதுதான். எடுக்காமல் விட்ட வழியைக் காட்டினால்தான் எடுத்த வழிக்கு மதிப்பு.

கருந்தோள் பருந்தும் அப்படித்தான். மறுநடவு செய்த இளம் செம்பனைக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலியைப் பார்க்கும். உடம்பு வெள்ளையும் சாம்பலும் கறுப்பும் என்பதால் கறுப்பு வெள்ளைக்கே பிறந்த பறவை என்று தோன்றும். ஆனால் வளர்ந்த பறவையின் கண் சிவப்பு, இளம் பறவையின் கண் அப்படி இருக்காது. தூரத்தில் பறக்கும் உருவம் என்றால் கறுப்பு வெள்ளை சரி. கண் தெரியும் அளவுக்கு நெருக்கம் என்றால் சிவப்பை விடாதீர்கள். மாடுகளுக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்குக்கும் இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் மார்பிலும் ஆரஞ்சு ஏறும், மற்ற நாளில் வெறும் வெள்ளை. பக்கத்துக் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மின்மினிப் பூச்சிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வண்ணம்தான்.

இப்போது மறுபக்கம். எலியைக் கட்டுப்படுத்த செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். முகம் இதய வடிவில் இருக்கும் கூகை இனம். அந்தி சாய்ந்த பிறகுதான் பெட்டியின் வாயில் வந்து நிற்கும். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400க்கு மேல் கொண்டுபோக வேண்டியிருக்கும், ஒரு பக்கம் விளக்குக் கம்பத்தின் மஞ்சள், மறுபக்கம் வானத்தின் நீலம். அந்த மஞ்சளும் நீலமும் ஆந்தையினுடையவை அல்ல. வெளிச்சத்தின் சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்புக்கு வைட் பேலன்ஸ் என்று பெயர். இரண்டையும் ஒரே வைட் பேலன்ஸில் சரிசெய்யவும் முடியாது. நிறத்தை எடுத்ததும் முகத்தின் வட்டமும் கறுத்த கண்களும் மட்டும் நின்றன. இருட்டில் எடுத்த படத்தில் வரும் நிறப் புள்ளிகள் கறுப்பு வெள்ளையில் மணல்மணலாக மாறி உறுத்தாமல் போகும். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், டார்ச் காட்டாதீர்கள், குஞ்சு இருக்கும் பெட்டியின் கம்பத்தடிக்குப் போகாதீர்கள். மதிப்பெண்ணை விட அந்தக் குஞ்சுகள் முக்கியம்.

ஈயக்குட்டைக் கரையில் வெயில் காயும் வளர்ந்த உடும்பும் கறுப்பு வெள்ளைக்கு அருமையாக வரும். இளம் உடும்பின் மஞ்சள் புள்ளிகள் வயதாக ஆக மங்கிவிடும், பிறகு மிஞ்சுவது செதிலும் சுருக்கமும்தான். பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலை நேரமாகப் பாருங்கள். உச்சி வெயிலில் செதில் தட்டையாகிவிடும்.

புகைமூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015, 2019 போன்ற மோசமான ஆண்டுகளில் வானமே தெரியாது. அந்த நாளில் எடுத்த படம் வண்ணத்தில் சோர்ந்து கிடக்கும், கறுப்பு வெள்ளையில் அடுக்கடுக்காக மரங்கள் பின்வாங்கும் அழகு கிடைக்கும். ஆனால் உங்கள் தொகுப்பின் பொருளே புகையில் வாழும் பறவைகள் என்றால் அந்தப் பழுப்பு மஞ்சள்தான் சாட்சி, அதை அழிக்கக் கூடாது. ஒரே படம், நீங்கள் சொல்லவரும் செய்தியைப் பொறுத்து முடிவு மாறுகிறது. தேர்வாளர்கள் கேட்க விரும்புவதும் இந்த மாதிரி காரணத்தைத்தான்.

மாற்றும் முறைக்கு வருவோம். சேச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) பூச்சியத்துக்கு இறக்குவது போதாது. கணினி நிறத்தை வெளிச்சமாக மாற்றும் பொதுவான கணக்கில் பச்சைக்குச் சுமார் 72 விழுக்காடு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. நம் தோட்டத்துப் படத்தில் இதன் விளைவு என்ன? செம்பனை ஓலை தூக்கலாக வெளுத்து முன்னால் வரும், மீன்கொத்தியின் நீல முதுகு கறுத்துவிடும். வெண்தொண்டை மீன்கொத்தியின் தலை காப்பிக்கொட்டை நிறம், அதுவும் கறுக்கும். தலை எது, முதுகு எது என்று தெரியாத ஒரு பறவை மிஞ்சும்.

ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கலவையில் செய்யுங்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் எட்டு நிறங்கள் இருக்கும். காசு இல்லையென்றால் டார்க்டேபிள் இலவசம், நான் பெரும்பகுதியை அதில்தான் செய்தேன். முதலில் பச்சையையும் மஞ்சளையும் இறக்கி ஓலையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஓலையின் பச்சையில் மஞ்சள் கலந்திருப்பதால் பச்சையை மட்டும் தொட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பிறகு விலங்கின் நிறத்தை ஏற்றுங்கள். நீலத்தைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் வானத்தில் புள்ளிகள் கிளம்பும், இறகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். நூறு விழுக்காடு பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். வைட் பேலன்ஸைக் கறுப்பு வெள்ளைக்குத் தேவையில்லை என்று விடாதீர்கள். அதை மாற்றினால் சாம்பல் அளவுகளும் மாறும், அதனால் வண்ணத்தைச் சரியாக முடித்துவிட்டே மாற்றத் தொடங்குங்கள்.

இதெல்லாம் ரா கோப்பில்தான், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பில்தான், தாங்கும். சுருக்கிய வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. ஜேபெக்கை இழுத்தால் வானம் பட்டைபட்டையாகப் பிரியும். கேமராவில் கறுப்பு வெள்ளைக் காட்சியை வைத்துக்கொண்டு ராவில் எடுங்கள். திரையில் சாம்பலாகப் பார்த்து வடிவத்தைக் கவனிக்கலாம், நிறமும் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

வண்ணப் படங்களில் நம் ஊருக்கே உரிய தொல்லை பச்சைச் சாயம். செம்பனை ஓலைக்குக் கீழே வரும் வெளிச்சமே பச்சையாக இருக்கிறது. கொக்கின் வெள்ளை இறகு, லோத்தோங்கின் சாம்பல் முடி எல்லாவற்றிலும் ஏறிவிடும். டின்ட் ஸ்லைடரை, பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தி, விலங்கின் மேல் மட்டும் மாஸ்க் போட்டுச் சரிசெய்யலாம். பின்னணிப் பச்சையின் சேச்சுரேஷனைக் கொஞ்சம் குறைத்தாலே விலங்கு முன்னால் வந்துவிடும், விலங்கின் நிறத்தை ஏற்ற வேண்டியிருக்காது. ஏற்றிய நிறத்தை அனுபவமுள்ள கண் உடனே பிடித்துவிடும்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு ஃபியாப் (அனைத்துலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்), ஆர்பிஎஸ் (பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம்) மூன்று அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட இயற்கைப் பட வரையறையைப் படித்துவிட்டுப் போங்கள். வண்ணப் படத்தைச் சாம்பல் படமாக மாற்ற அதில் அனுமதி உண்டு. அகச்சிவப்புப் படங்களுக்கு அனுமதி இல்லை. ஓரத்தை வெட்டலாம், சென்சார் தூசியையும் இருட்டில் எடுப்பதால் வரும் நிறப் புள்ளிகளையும் நீக்கலாம். படத்துக்குள் இருக்கும் ஒரு கிளையையோ கம்பியையோ அழிப்பதும் நகர்த்துவதும் சேர்ப்பதும் கூடாது. பின்னணியைச் சாம்பலாக்கி விலங்கை மட்டும் வண்ணத்தில் விடும் வேலையை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள். ஃபியாப் விதிப்படி அது கறுப்பு வெள்ளைப் படமாகவே சேராது.

தொகுப்பில் இரண்டையும் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கலக்கலாம், ஆனால் மாறிமாறி வைத்தால் கண் அலைக்கழியும். நான் பகல் விலங்குகளை வண்ணத்தில் ஒரு வரிசையாகவும், அந்தியும் இரவும் கறுப்பு வெள்ளையில் அடுத்த வரிசையாகவும் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் நிறம் குறைவான ஒரு வண்ணப் படம்: சாம்பல் வானத்தில் நிற்கும் பருந்து. அந்தத் தாண்டலை ஒரு தேர்வாளர் தாமாகவே சுட்டிக்காட்டினார், மனதுக்கு நிறைவாக இருந்தது.

அச்சுக்குக் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். சிறிய ஊர்க் கடைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண மையிலேயே அடிப்பார்கள், அதனால் சாம்பல் பகுதி பச்சையாகவோ ஊதாவாகவோ சாயும். ஒரு சோதனை அச்சை எடுத்து, கடை விளக்கில் பார்த்த பிறகு வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். சாயம் தெரிந்தால் கோலாலம்பூரில் கறுப்பு வெள்ளைக்கென்றே பல சாம்பல் மைகள் வைத்திருக்கும் அச்சகத்தைத் தேடுங்கள். செலவு கூடும், ஆகவே கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் அங்கே கொடுத்தால் போதும். ஆனால் வண்ணப் படங்களின் தாளும் அதே வகையாக இருக்க வேண்டும், ஒன்று பளபளப்பாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் வரிசை கெட்டுவிடும்.

நேர்காணலுக்குப் போகும்போது ஒவ்வொரு படத்தின் ரா கோப்பையும் தம்ப் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். என்னிடம் ஆந்தைப் படத்தின் மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மஞ்சளும் நீலமும் குழம்பிக் கிடந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த மஞ்சளைக் குறைத்து வண்ணத்திலேயே காட்டியிருக்கலாமே?” என்றார் ஒருவர். மஞ்சளைக் குறைத்தால் முகத்தின் மறுபாதி நீலமாகிறது என்று அங்கேயே ஸ்லைடரை நகர்த்திக் காட்டினேன். அவர் தலையசைத்து அடுத்த படத்துக்குப் போனார்.